ரயில் பெட்டி மாதிரி கட்டின காபி பார்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். ஒன்றை எழுத உட்கார்ந்தால் அது மறந்துபோய் வேறொன்று வந்து நிற்கும். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் எதிரில் வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம், அதனால்தான் பேப்பரில் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்த காலம். அதுவரைக்கும் நாற்று நடப் போய்க்கொண்டிருந்தேன். குனிந்தே செய்கிற வேலை போய், நின்றே செய்கிற வேலை வந்தது. இரும்புக் குழாய் செய்கிற கம்பெனி ஒன்றில், ஆபீஸ் கட்டடத்தில் இருப்பவர்களுக்குக் காபி போட என்னை எடுத்துக்கொண்டார்கள்.

மாடிப்படிக்குக் கீழேதான் என் இடம். ஒரு பம்ப் ஸ்டவ், பெரிய பித்தளை ஃபில்டர், பால் குண்டான், டபரா டம்ளர். வீட்டில் விடிவதற்கு முன்னே தண்ணீர் பிடித்து, உலை வைத்து, எல்லாருக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். வந்ததிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நிற்கணும். படி சரிந்து வரும் மூலையில், சாமான் வந்த சாதிக்காய் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தேன். கூட்டம் கலைந்ததும் அதில் உட்கார்ந்துகொள்வேன். மேலே ஏறிப் போகிறவர்களுக்கு நான் தெரியமாட்டேன். அப்போதே கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி இருந்ததால்தான் அந்த வேலையில் தாங்கினேன்.

அப்போது ஆபீசுக்குப் புதிதாக ஒரு சின்ன அதிகாரி வந்தார். பம்பாயில் கப்பல் மாதிரியே கட்டின ஒரு காபி பாரைப் பார்த்தாராம். நம்ம ஆபீசுக்கும் ஒன்று வேண்டும் என்று, எல்லோருக்கும் மேல் அதிகாரியான பெரியவரிடம் சம்மதம் வாங்கிவிட்டார். கீழ்த்தளத்தில் பழைய சாமான் அறையைக் காலி செய்தார்கள். பழுப்புத் தாளில் படம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ரயில் பெட்டி. எதிரெதிராகப் பலகை சீட்டு, ஏற்றி இறக்குகிற ஜன்னல், மேலே சாமான் வைக்கும் கம்பி. எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் காபி கவுண்டர்.

டைப் அடிக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். வண்ணாரப்பேட்டையிலிருந்து தினம் ரயிலில் வருகிறவள். அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது. படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது? காலைலயும் சாயங்காலமும் அதுலதான் தொங்கினு வர்றோம். நடுவுலயும் அதே வண்டிதானா?" என்றாள்.

"அந்த வண்டியில உங்களுக்கு இடம் கிடைக்காதும்மா. இதுல கிடைக்கும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் நல்ல மனிதர்தான். ஒவ்வொருவரையும் என்ன வேண்டும் என்று கேட்டார். என்னையும் கேட்டார். "நீங்கதான் அங்க இருக்கப் போறீங்க. உங்களுக்கு என்ன வசதி வேணும், சொல்லுங்க."

உட்கார ஒரு இடம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. இத்தனை பேர் நடுவில், அதிகாரிகள் முன்னால், எனக்கு உட்காரணும் என்று எப்படிச் சொல்வது? "ஒன்னும் வேணாங்க சார்" என்றேன்.

மீஞ்சூரிலிருந்து ஒரு தச்சர் வந்து வேலை செய்தார். வாய் ஓயாத ஆள். அவரிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, இந்தக் கவுண்டருக்குப் பின்னால சின்னதா ஒரு பலகை அடிக்க முடியுமா? குந்தறதுக்கு."

"எஞ்சின்ல எவம்மே குந்தறான்? நின்னுகினே கரி அள்ளிப் போடணும்" என்று சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிளான்ல இல்லம்மா. நானா ஒரு ஆணி அடிச்சாலும் பேஜாரு" என்றார்.

புது இடத்துக்கு மாறுகிற அன்று என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். சின்ன அதிகாரி பார்த்தார். "இது இங்க அசிங்கமா இருக்கும்மா. அடுப்பெரிக்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துப் போய்விட்டேன்.

திறந்த பிறகு அந்த இடம் அழகாகத்தான் இருந்தது. முன்னால் நாலு பக்கமும் தெரிகிற கவுண்டர், அதில் நான். மறைவு கிடையாது. சும்மா இருக்கும்போதும் நிற்கணும். அவர்களோ உள்ளே வந்ததும் நிஜமான ரயிலில் இருப்பது மாதிரியே ஆகிவிட்டார்கள். கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்கள். மூன்று பேர் பலகையில், "கொஞ்சம் நவுருங்க சார்" என்று நாலாவது ஆள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாடியில் கணக்கரின் மேஜைக்கு முன்னால் நின்றே பேசுகிறவர்கள், இங்கே அவர் தோளை ஒட்டி உட்கார்ந்து காபி குடித்தார்கள். யாரும் எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கால் வீங்கிக்கொண்டே போயிற்று. ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பேன். இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுபடி நாற்று நடப் போகணும், அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானக் காபிக்குப் பால் வரவில்லை. சீட்டெல்லாம் நிறைந்து எல்லோரும் காத்திருந்தார்கள். நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். டைப் அடிக்கிற அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள் போல.

"எக்கா, பால்தான் வர்லியே. இன்னாத்துக்கு நின்னுகினு கீறே? இங்க வந்து குந்து."

"வேணாம்மா."

"ரயில்ல யார் பக்கத்துல யார் குந்தணும்னு டிக்கெட்லயா போட்டுக்கீது? சார், நீங்க கொஞ்சம் நவுருங்க."

கணக்கர் நகர்ந்தார். ரயிலில் நகர்வது மாதிரி, பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் நகர்ந்தார். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்துவிட்டேன். கால் இரண்டும் அப்பாடா என்றது. கொஞ்ச நேரம் என்னையே மறந்துவிட்டேன்.

அப்போது பெரியவர் வந்தார். மாடியை விட்டு அங்கே இறங்கி வருகிறவரில்லை அவர். எழுந்திருக்கப் பார்த்தேன், மரத்துப்போன கால் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"பால் வரலையா?"

"இன்னும் வரலீங்க."

திரும்பி மேலே போய்விட்டார். வேலை போயிற்று என்றுதான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு இரும்பு ஸ்டூல் இருந்தது. ஸ்டோரிலிருந்து வந்தது, பச்சை பெயிண்ட். சின்ன அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மேல சொல்லிட்டாங்க. நீங்க இதுல உக்காந்துக்குங்க. அங்க வேணாம்."

"சரிங்க சார்" என்றேன்.

விஷயம் தெரிந்ததும் டைப் அடிக்கிற அம்மா, "உனக்கு ரிசர்வேஷன் கெடச்சிருச்சி. இனிமே எங்க பக்கம் திரும்புவியா?" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அப்புறம் அவள் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

என் காலைப் பார்த்து ஸ்டூல் கொடுத்தார்களா, அந்தப் பலகையில் மறுபடி உட்காரக் கூடாது என்று கொடுத்தார்களா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதில் உட்கார்ந்துதான் அப்புறம் பல வருஷம் வேலை பார்த்தேன். வீக்கம் குறைந்தது. நாற்று நடப் போகவில்லை.

இது எந்த வருஷம் என்று எனக்குத் தெளிவாக இல்லை. எமர்ஜென்சிக்கு முன்னேயா பின்னேயா என்று குழப்பமாக இருக்கிறது. ஜன்னல் ஒரு பக்கம் நாலா மூன்றா என்பதும் மறந்துவிட்டது. அந்த ஆபீசில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பாக இருப்பதைத் தயவு செய்து திருத்திவிடுங்கள்.