நிஸ்தார் நானா அழிக்காத கடிதம்

என் பழைய கந்தோரில் இன்னும் வேலை செய்யும் ரெஜினா மன்னாரிலிருந்து அழைத்தபோது நான் மட்டக்களப்பில் சமைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, நிஸ்தார் நானா மௌத்தாகிட்டார். அசர் தொழுகைக்கு முதல் அடக்கமாம்." பஸ் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். அந்த முகத்தை ஒருதரம் பார்க்காமற் போனது இன்னும் ஆறவில்லை.

மீள்குடியேற்ற வேலைகள் நடந்த காலத்தில் எங்கள் கந்தோரின் மின்னஞ்சல் சேவையகத்தைப் பார்த்தவர் அவர். அங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: நாங்கள் எல்லோருமே ஒரு பையோடு ஊரைவிட்டு ஓடித் திரும்பியவர்கள். எதையும் அழிக்க மனம் வராது. ஒரு வீட்டுப் பட்டியல் வந்தால் நாற்பது பேருக்கும் அனுப்புவோம். போதாதென்று எங்களுக்கே இன்னொருதரம் அனுப்பி வைப்போம். சேவையகம் நிரம்பிக் கடிதங்கள் வராமல் நின்றுவிடும். மேலாளர் கத்துவார். நானா கத்தமாட்டார். "நானும் முசலியில இருந்து உடுத்த சாரத்தோட போனவன்தானே," என்பார்.

ஒருநாள் புது ஏற்பாடு ஒன்று செய்தார். கடிதத்தோடு வரும் ஒரே இணைப்புக் கோப்பு நாற்பது பேரின் அஞ்சல் பெட்டிகளில் கிடந்தால், சேவையகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுமாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காணாமற்போன என் தம்பியின் படத்தை எல்லோருக்கும் அனுப்பி வைத்திருந்தேன். விசாரணைக்குக் கொடுத்த மூலப்படம் திரும்பி வரவேயில்லை.

"என்ர தம்பியை அழிக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று அவருடைய மேசையடியில் நின்று கத்தினேன்.

கதிரையை இழுத்துப் போட்டார். "இரு தங்கச்சி. நாற்பது பேரும் இப்பவும் திறந்து பார்க்கலாம். எல்லாரும் பார்க்கிறது அந்த ஒண்டைத்தான். கடைசி ஆள் தன்ர கடிதத்தை அழிக்கிற வரைக்கும் அது போகாது."

"கடைசி ஆளும் அழிச்சா?"

"நான் அழிக்கமாட்டன்."

திறந்தும் காட்டினார். பள்ளிக்கூடச் சட்டையோடு தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானா பிளேன்ரீ வாங்கித் தந்தார்.

பிறகு நான் கலியாணம் முடித்து வேலையை விட்டேன். என் பெட்டியை மூடிவிட்டார்கள். என்னிடமிருந்த பிரதியும் பழுதான கணினியோடு போயிற்று. நானாவிடம் கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில் இத்தனை வருடமும் கேட்கவில்லை. படத்தைக் கேட்க அஞ்சி, அவரோடு கதைப்பதையும் விட்டுவிட்டேன். எவ்வளவு மடைச்சி நான்!

அவருடைய பெட்டியை இந்தக் கிழமை மூடப்போகிறார்கள் என்று ரெஜினா சொன்னபோதுதான் வாய் திறந்து அந்தப் படத்தைக் கேட்டேன். தேடிப் பார்த்து அனுப்பினாள். மற்றவர்கள் விலகிவிட்டார்கள், அல்லது அழித்துவிட்டார்கள். அவருடைய பெட்டியில் மட்டும்தான் இருந்ததாம்.

தம்பி அதே சிரிப்போடு வந்திருக்கிறான். நானா, இனிக் கடைசி ஆள் நான்தான். நானும் அழிக்கமாட்டன்.