மூலையில் ஒரு முத்திரை

தாராவியில் எனக்குத் தோல் பை பட்டறை. தையலுக்கு வெளியே கொடுக்கும் ஒவ்வொரு தோலின் மூலையிலும் என் முத்திரையைக் குத்திவிடுவேன். இல்லையென்றால் நல்லதை எடுத்துக்கொண்டு மட்டமான தோலை வைத்துவிடுவார்கள். ஆட்களை எனக்குத் தெரியும்.

என் தொண்டையில் வந்தது வைரஸால் வரும் புற்றுநோய். ரத்தத்திலிருந்து நோயை எதிர்க்கும் டி செல்களை எடுத்து, அந்த வைரஸின் தடயமுள்ள புற்றுச் செல்களைத் தேடிக் கொல்லும்படி லேபில் மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றும் பரிசோதனைச் சிகிச்சையில் சேர்ந்தேன்.

"திரும்பி வாரது என்னோடதுதாம்னு எப்படித் தெரியும், டாக்டரம்மா?" என்றேன்.

என் மணிக்கட்டுப் பட்டையிலிருந்த எண்ணைக் காட்டினார். "செல் வர்ற பையிலயும் இதே நம்பர் இருக்கும்."

செல்கள் வந்த அன்று அவரை நிறுத்தி, இரண்டு எண்களையும் நானே ஒப்பிட்டேன்.

"பயமா இருக்கா?" என்றார்.

"சரக்கு நம்மளோடதுல்லா, பயமென்ன? ஏத்துங்க."