நாலு செகண்ட் வெள்ளம்

சென்னையில் நான் வேலை பார்த்த கிராபிக்ஸ் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையத்துக்கே திரும்பினேன். உரமூட்டை அடுக்கியிருந்த அறையை அப்பா காலி செய்து கொடுத்தார். மேலே சிமெண்ட் ஷீட். வெயில் ஏற ஏற மெஷினும் நானும் சேர்ந்து கொதிப்போம். நான் செய்த காட்சியை அது படம் படமாக வரைந்து முடிக்கிறவரை எனக்கு வேலையில்லை. ஆனால் உட்காரவும் முடியாது. அறைக்கும் தோட்டத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். கரண்ட் போய்விட்டதா என்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கையில் இருந்தது ஒரே ஒரு ஷாட். மலைமேல் ஏரிக்கரை உடைந்து பள்ளத்தாக்கில் வெள்ளம் இறங்கும். பாறைமேல் நிற்கிற கதாநாயகன் திரும்பிப் பார்ப்பான். அவனைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்துவிட்டார்கள். மலை, காடு, தண்ணீர் மூன்றையும் நான் செய்ய வேண்டும். திரையில் நாலு செகண்ட் வரும்.

பெரிய கம்பெனிகள் இதற்கு வைத்திருக்கிற மென்பொருளுக்கு வருஷா வருஷம் வாடகை கட்ட வேண்டும். எனக்கு அது கட்டுப்படியாகாது. நான் வாங்கி வைத்திருந்தது, இயற்கைக் காட்சிகளைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கானது. ஒரு தடவை வாங்கினால் போதும். அதை வைத்து சினிமாவுக்கு வேலை செய்யலாம் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் சொல்லவில்லை.

"அதுலயாம்மா பண்ணப்போற? அது காலண்டர் படம் போடறவங்களுக்கு" என்றார் சூப்பர்வைசர். பழைய கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவர். இந்த வேலையைக் கொடுத்ததும் அவர்தான்.

"பாத்துட்டு சொல்லுங்க சார்."

முதலில் அனுப்பியதைப் பார்த்து, "துண்டக் கசக்கிப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். மென்பொருள் தானாகக் கிளப்பிய மேடுபள்ளம் அது. எங்கே திருப்பினாலும் ஒரே முறுக்காகத் தெரிந்தது. நாள்கணக்கில் திருகிப் பார்த்தும் அது மலையாகவில்லை.

செயற்கைக்கோள் அளந்த உயரங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உலகத்தில் எந்த மலையை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அவசரத்தில் என் கை போனது கல்வராயன் மலைக்கு. வாசலில் நின்றால் தெரிகிற மலை. மெஷின் தாங்காமல் அடிக்கடி நின்றுபோனது. மலையைத் துண்டு துண்டாக வெட்டி, கிட்டே தெரிவதை மட்டும் நுணுக்கமாக வைத்தேன். தூரத்தில் இருப்பதை மொட்டையாக விட்டேன். நாலைந்து மரங்களையே திருப்பித் திருப்பிக் காடாக நட்டேன். தண்ணீருக்கு இலவச மென்பொருள் ஒன்று. உச்சியில் தண்ணீரை விட்டதும் அது தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு இறங்கியது. அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

டைரக்டர் பார்த்தவுடன் சம்மதித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்றைக்குத்தான் சார்ஜர் கேட்டு அப்பா அறைக்குள் வந்தார்.

"இது நம்ம மலையாச்சே!" குனிந்து திரைக்குக் கிட்டே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அப்போது தண்ணீர் இறங்கியது.

"இன்னா இது?"

"கரை ஒடையுதுப்பா. படத்துல."

"எந்தக் கரை?"

"எந்தக் கரையும் இல்ல. கதைல வர்றது."

சார்ஜரை எடுக்காமலே போய்விட்டார். மத்தியானம் அம்மா வந்து நின்றாள். "இன்னாடி காட்டுன உங்கப்பாவுக்கு? சோத்தப் பெசஞ்சிகினே குந்திக்கினு இருக்காரு. ஒரு வாய் எறங்கல."

மறுநாள் அப்பா மறுபடியும் வந்தார். "அந்தத் தண்ணி எங்க போயி நிக்கும்?"

"நாலு செகண்ட்தாம்பா. அதோட அடுத்த சீன் வந்துடும்."

"சரி. அப்பறம்?"

அதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் கரும்பு மலையடிவாரத்தில் வெட்டுக்கு நின்றிருந்தது. திரையில் உடைந்தது நிஜத்திலும் உடைந்துவிடுமோ என்றுதான் கேட்கிறார் என்று புரிந்தது. சமாதானம் ஆகட்டும் என்று தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டேன். அது அடிவாரத்துக்கு வந்து, நான் வெட்டி எடுத்த நிலத்தின் விளிம்பில் நேர்க்கோடாகக் கீழே கொட்டியது. விளிம்புக்கு வெளியே திரை கறுப்பாக இருந்தது.

"அதுக்கு அந்தாண்ட?"

"அவ்ளோதாம்பா. ஒண்ணும் இல்ல."

"நம்ம கழனி அந்தாண்டதான?"

அவர் அந்தக் கறுப்பையே பார்த்தார். "வேற பக்கமா எறக்க முடியாதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதற்கு வழி இருந்தது. மலையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திருப்பிவிட்டால் அது யாருடைய மலையும் இல்லை. திருப்பினேன், அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஓகே ஆன ஷாட்ட யாரும்மா தொடச் சொன்னது? ஹீரோ வலது பக்கம் திரும்பறாரு, தண்ணி இடது பக்கம் வருது. அவரு என்ன, காக்காவ வேடிக்க பாக்கறாரா?"

"சும்மா மாத்திப் பாத்தேன் சார்."

"சும்மால்லாம் பாக்காத. பழையதையே அனுப்பு."

பழையதை அனுப்பினேன். முடியாது என்று அப்பாவிடம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வேலை இருக்கிறதோ இல்லையோ, கழனிக்குப் போவார், வருவார், மறுபடி போவார். தெருமுனையில் நின்று மலையைப் பார்ப்பார். "ஒருத்தி உள்ள நடந்துக்கினு இருக்கா, ஒருத்தர் வெளிய நடந்துக்கினு இருக்காரு. நான் இன்னா பண்ணட்டும்?" என்று அம்மா எங்கள் இருவரையும் திட்டினாள். கரும்பு வெட்டி லோடு ஏறிய பிறகுதான் அப்பா கொஞ்சம் நிதானத்துக்கு வந்தார். நான் வரவில்லை. அந்தப் பெரிய திரையில் என் மரங்கள் அட்டை மாதிரி நின்றுவிட்டால்?

படம் வந்ததும் மூன்று பேரும் டவுன் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். தியேட்டரில் விளக்கு அணைந்தது. என் ஷாட் வந்தது. சென்னையில் யாரோ மழையைச் சேர்த்து, புகையைச் சேர்த்து, எல்லாவற்றையும் நீலமாக்கியிருந்தார்கள். பாதித் திரையைக் கதாநாயகனின் தோள் அடைத்துக்கொண்டிருந்தது. மிச்சத்தில் என் மலை நின்றது. எங்கேயும் பிசிறு இல்லை. முன்வரிசையில் ஒருவன் "ஆத்தீ" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா என் பக்கம் சாய்ந்தார். "உன்னுது எப்ப வரும்?"

"வந்துட்டுதுப்பா. அந்த வெள்ளம்."

"அதுவா? நம்ம மலை மாரியே இல்லியே!"

அவர் முதுகு சீட்டில் நன்றாகச் சாய்ந்தது. மீதிப் படத்தைக் கைதட்டிப் பார்த்தார். இடைவேளையில் எங்களுக்குப் பப்ஸ் வாங்கிவந்தார், கேட்காமலே அம்மாவுக்கு இன்னொன்று. என்னுடையதை நான் கையிலேயே வைத்திருந்தேன். மலிவு மென்பொருளில் செய்த மலை தியேட்டரில் நின்றுவிட்டது. அப்பாவின் பயமும் போய்விட்டது. இரண்டும்தான் நான் வேண்டிக்கொண்டது. ஆனாலும், வாசலில் நின்று தினமும் பார்க்கிற மலை அவருக்குத் தெரியாமல் போனது எங்கேயோ குத்தியது.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எம்பொண்ணு சினிமாவுக்கு மலை செய்யிதுங்க. இந்தப் படத்துல வர்ற வெள்ளம் அதுதான் செஞ்சிது."

"அப்படியா! நானும் பாத்தேன். எந்த மலைங்க அது?"

"எந்த மலையும் இல்லீங்க. சும்மா கம்ப்யூட்டர்ல செஞ்சது."

திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். போனில் சூப்பர்வைசரின் செய்தி வந்து கிடந்தது. அடுத்த வேலை பனிமலையாம், உடனே வேண்டுமாம். உட்கார முடியவில்லை. நின்றுகொண்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து, படிக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.