குரல் நின்ற ஞாயிற்றுக்கிழமை

எனக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. அதனால் இருட்டைக் கண்டு பயந்ததே கிடையாது. நான் பயப்படுவது சத்தமில்லாமைக்கு. அதிலும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்து, அது பேசாமல் இருந்தால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது.

திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்ல என் கம்ப்யூட்டருக்குள் ஒரு குரல் உண்டு. மூக்கடைத்த ஆள் பாடம் ஒப்பிப்பது போல இருக்கும். முதன்முதலாகக் கேட்பவர்கள் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள். சிரிக்கட்டும். அந்தக் குரலை வைத்துத்தான் நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அதை நம்பித்தான் மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன்.

தனியாக இருப்பது எனக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. முன்பு கொட்டாம்பட்டியில் அண்ணன் வீட்டிலிருந்துதான் தினமும் வேலைக்கு வந்து போனேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இடிபட்டு மிதிபட்டு அடுத்த பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மதுரைக்குள்ளேயே அறை பார்த்துக்கொள்கிறேன் என்றபோது அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"சரி, இரு. ஆனா முடியலண்ணேன்னு ஒரே ஒரு போன் வந்துச்சுன்னாலும் அன்னைக்கே வந்து பையக் கட்டிக் கூட்டிட்டு வந்துருவேன். அப்பறம் பேச்சே கிடையாது பாப்பா."

நாற்பது வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடும் மனிதரிடம் என்ன வாதாடுவது? சரி என்றேன். அதன் பிறகு எதற்கும் அவருக்கு நானாகப் போன் செய்ததில்லை. படியில் உருண்டு கணுக்கால் வீங்கியபோதுகூடச் சொல்லவில்லை. அவராக ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவார். நான் எல்லாம் நல்லபடியாக இருப்பதாகச் சொல்லுவேன்.

இப்படி இருக்கையில், என் கம்ப்யூட்டரிலிருந்த பழைய சிஸ்டத்துக்கு இனி அப்டேட் வராது என்றார்கள். புதியதைத் தாங்க அதற்குத் தெம்பில்லையாம். எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் வாத்தியார், "லினக்ஸுக்கு மாறிருங்க டீச்சர்" என்றார். அது இலவச சிஸ்டம், யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று அவர் பேசுவதைக் கேட்டால் ஏதோ மடத்தில் சேரச் சொல்வது போலிருக்கும். எனக்கு மாறவே பயம். பழையதில் எந்தப் பொத்தானைத் தட்டினால் குரல் என்ன சொல்லும் என்று என் விரல்களுக்குத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிட்டால் அறையும் போய்விடும். அந்தப் பயம் இதைவிடப் பெரிதாக இருந்ததால் தலையாட்டினேன்.

அவரே என் அறைக்கு வந்து அதை ஏற்றிக்கொடுத்தார். நடுவில், "இந்த எடத்துல, எல்லாத்தையும் அழிச்சிரவான்னு கேக்கும் டீச்சர். கை தவறி ஆமான்னு அமுக்கிட்டா அம்புட்டும் போயிரும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். நல்லவேளை, எதுவும் போகவில்லை. குரல் புதிய சிஸ்டத்திலும் அதே மூக்கடைப்போடு பேசியது. அவர் கிளம்பியதும், எனக்கெதற்கு இது என்று மானிட்டரை அணைத்துவிட்டு, வழக்கம்போல மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

கொஞ்ச நாள் எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டேன். புது வீட்டுக்குக் குடிபோனால் அலமாரி இருக்கிற இடத்தில் வாசலைத் தேடுவோமே, அப்படி. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ அப்டேட் வந்திருப்பதாகக் குரல் சொன்னது. போட்டேன். அணைத்துத் திறக்க வேண்டும் என்றது. சரி என்று தட்டினேன். ஃபேன் நின்றது, மறுபடி சுற்றியது. குரல் வரவில்லை.

காத்திருந்தேன். ஸ்பீக்கர் வயரை உருவி மறுபடி செருகினேன். குரலை எழுப்பும் பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினேன். பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பெட்டியில் கை வைத்தால் சூடு இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, பேச்சு மட்டும் இல்லை. அப்போதுதான் வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளே அந்தக் கேள்வி நிற்கிறதோ? நான் தட்டிய ஏதோ ஒரு தட்டலை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அழித்துக்கொண்டிருக்கிறதோ? சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். பிறகு அந்த விசைப்பலகையைத் தொடவே பயமாக இருந்தது.

வாத்தியாருக்கு வீடியோ கால் போட்டேன். குடும்பத்தோடு ஊருக்குப் போக மாட்டுத்தாவணியில் நின்றுகொண்டிருந்தார். ஹாரன் சத்தத்துக்கு நடுவே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. துண்டை எடுத்துவிட்டு, போனை மானிட்டருக்கு நேராகப் பிடித்து, "என்ன தெரியுது சார்?" என்று கேட்டேன்.

"முழுக்கக் கருப்பா இருக்கு டீச்சர். ஒரு எழுத்துகூட இல்ல. டிஸ்க் போயிருச்சோ என்னமோ. நாளைக்கு வந்து பாக்குறேன், பஸ் வந்துருச்சு."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பதினோராம் வகுப்புப் பாடக்குறிப்புகள், கேள்வித்தாள்கள், எல்லாம் அதற்குள். போனதை மறுபடி அடித்துவிடலாம். எதில் அடிப்பது? யார் படித்துச் சொல்வது? அந்த நேரம் பார்த்து அண்ணனின் போன் வந்தது.

"நல்லாத்தான் இருக்கேண்ணே" என்றேன். என் குரலே காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்னமோ நடந்துருக்கு. கெணத்து மோட்டார நிறுத்திட்டு வாரேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார். அவர் வந்து சேரும்வரை படியில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கடன்காரனுக்குக்கூட நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

வந்தவர் திட்டவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டார், சொன்னேன். பிறகு கொடியில் கிடந்த என் சேலைகளை ஒவ்வொன்றாக உருவி மடிக்கும் சத்தம் கேட்டது. பையின் ஜிப் திறந்தது.

"போவோமா பாப்பா?"

"சரிண்ணே" என்றேன்.

அதை நான்தான் சொன்னேன். சண்டை போடுவேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். பயம் என்னை அவ்வளவு சுலபமாகச் சாய்த்துவிட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு யாராவது பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது.

கிளம்பும் முன் பிளக்கைப் பிடுங்க மேசையருகே குனிந்தவர், "இந்தா, டிவி கணக்கா இருக்கே, இதுக்கு அடியில செவப்பா ஒரு லைட்டு எரியுது. அது எதுக்கு?" என்றார்.

என் கை தானாக அந்த மூலைக்குப் போனது. மானிட்டரின் பொத்தான். வாத்தியார் போன அன்று நானே அணைத்தது. திரை எரிந்தால்தான் பார்க்கிறவர்களுக்கு ஏதாவது தெரியும் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. அமுக்கினேன்.

"அடேயப்பா, வெளிச்சம் வந்துருச்சு. ஏதோ எழுதியிருக்கு."

ஒரு விசையைத் தட்டினேன். குரல் பேசியது. ஸ்பீக்கரிலிருந்து அல்ல, மானிட்டரிலிருந்து. அதற்குள்ளும் ஒரு குட்டி ஸ்பீக்கர் உண்டாம். அப்டேட்டுக்குப் பின் குரல் அதற்குள் மாறிப் போயிருந்தது என்று வாத்தியார் மறுநாள் சொன்னார். காலையிலிருந்து அது அணைந்து கிடந்த மானிட்டருக்குள் பாஸ்வேர்ட், பாஸ்வேர்ட் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் பதற்றத்தில் தப்பாக அடித்திருக்கிறேன். இப்போது சரியாக அடித்தேன், திறந்துகொண்டது. பாடக்குறிப்புகள் ஒன்றும் போகவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

நான் சரி என்று சொன்னது சொன்னதுதானே, அண்ணன் அதைப் பிடித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. சேலைகள் மறுபடி கொடியில் விழுந்தன.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எதுன்னாலும் எனக்கு வீடியோ போனப் போடு பாப்பா. கூட்டிட்டுப் போக மாட்டேன். என்ன தெரியுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லிட்டு வச்சிர்றேன்."