பதம் பார்த்த கால்

எங்கள் உப்பளத்தில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. நான் கட்டியது. தூத்துக்குடியில் எத்தனையோ முதலாளிமார் ஏசி போட்டுப் படுத்துக் கிடக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் என் தொட்டியில் கிடைக்கிற சுகம் அவர்களில் ஒருத்தருக்கும் கிடையாது. அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் பேச்சுதானே என்று தள்ளவேண்டாம், அனுபவித்தவன் சொல்கிறேன்.

நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்ததும், நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீரைத் தொட்டியில் ஊற்றி விளாவுவோம். சுற்றி உட்கார்ந்து முழங்கால் வரை உள்ளே விட்டால், உப்பு வாரிய காலத்து வலியெல்லாம் இறங்கிப் போகும். கூட்டாளிகள் எல்லாரும் நான் முதலாளி ஆவதற்கு முன்னால் என்னோடு கூலிக்கு உப்பு வாரியவர்கள். மூத்தவன் நான்தான் முதலில் கால் வைத்துப் பதம் பார்க்கவேண்டும். நான் சொல்லாமல் ஒருத்தனும் கிட்டே வரமாட்டான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வலது காலை விட்டேன். இதமாக இருந்தது.

“வாங்கலே, பதமா இருக்கு.”

பக்கத்தில் உட்கார்ந்த மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி, விரலை நனைத்தவர் துள்ளி எழுந்தார்.

“கோழிய முக்கி எடுக்கவா தண்ணி வச்சிருக்கீரு? காலை எடும் வே!”

“ஒமக்குப் பூப்போல தோலு. எனக்கு இதெல்லாம் ஒரு சூடா?”

“பெருமையெல்லாம் இருக்கட்டும் வே, காலைப் பாரும்!”

பார்த்தேன். வெந்த இறாலின் நிறம். வலி கொஞ்சம்கூட இல்லை. எல்லாரும் சிரித்தார்கள், நான் காலை எடுத்து வேட்டியால் மூடிக்கொண்டேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். செருப்பு கழன்றது தெரியாமல் தார் ரோட்டில் நடந்ததை வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் கொப்புளம், பிறகு புண். “புண்ணு ஆறுதான்னு பாப்போம். ஆறலைன்னா விரலை எடுக்கவேண்டி வரும்” என்றார் டாக்டர். இந்தக் காலால் நின்றுதான் சார் அம்புட்டையும் சம்பாதித்தேன் என்றேன். அவர் கட்டுப் போடுவதிலேயே கவனமாக இருந்தார்.

நேற்றும் தொட்டிக்குப் போனேன். போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, மற்றவர்கள் நனைப்பதைப் பார்த்தபடி இருந்தேன். கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரலை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். வேறு யாருடைய விரலையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது.

மச்சான் அதைக் கவனித்துவிட்டார்.

“திங்கக்கெழமதானே கட்டுப் பிரிக்காவ? நானும் வாரேன்.”

“நீரு வந்து என்ன செய்யப் போறீரு?”

“சும்மா வெளிய உக்காந்திருப்பேன் வே.”

“காலையிலேயே வந்துரும் வே” என்றேன்.