குலேந்திரனின் இரண்டரை மணி நேரம்

அந்தக் கொப்பியை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது நல்லவன் வேடம் போட்டுவிடுவேன்.

2009இல் எனக்கு சுவிஸ் பிரஜாவுரிமை கிடைத்தது. இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிராமத்தில், எங்கள் ஆட்களில் முதன்முதலாக நேர்முகத்தில் தேறியவன் நான். கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்தில் ஐந்து பேர் ஒரு நீள மேசைக்குப் பின்னால் இருந்து கேள்வி கேட்பார்கள். வீட்டுக்கு வந்த கையோடு அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். இருபத்திரண்டு கேள்வி, இருபத்திரண்டு பதில். யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டில்களில் வளர்ந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? போன வருட வினாத்தாளைத் தேடிப் பிடி, விடையைப் பாடமாக்கு, போய்க் கக்கிவிட்டு வா.

ஒருவன் கேட்டான், கொடுத்தேன். அவன் படியெடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்தான். இரண்டு வருடத்தில் கொப்பி பீல் நகரம் வரைக்கும் போய்விட்டது. அங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் எங்கள் கிராமத்து ஓடையின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டு போய்த் தன் நேர்முகத்தில் ஒப்புவித்தாராம். அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது சிரிக்க முடியவில்லை.

குலேந்திரனும் நானும் ஒரே ஹோட்டலில் வேலை. நான் காலைச் சாப்பாட்டு மண்டபத்தில், அவன் குசினியில். 1990இல் இருபத்திரண்டு வயதில் அகதியாக வந்து கோப்பை கழுவத் தொடங்கியவன், படிப்படியாக ஏறி சலாட் மேசைக்கு வந்திருந்தான். அதிகம் வாய் திறக்காத ஆள் என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். கோவில் திருவிழாவில் ஒரு மூலையில் நிற்பான், கூப்பிட்டால் வந்து அன்னதான வாளி தூக்குவான், போய்விடுவான்.

ஹோட்டல் குசினிக்காரருக்குப் பகல் இரண்டரையிலிருந்து ஐந்து மணிவரை இடைவேளை. மத்தியானச் சாப்பாடு முடிந்து இராச் சாப்பாடு தொடங்கும்வரை சம்பளமில்லாத வெறும் நேரம். சிலர் அறையில் போய்ப் படுப்பார்கள், சிலர் கடைக்குப் போவார்கள். குலேந்திரன் கீழே கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இருந்த ஊழியர் சாப்பாட்டு அறைக்குப் போவான். ஹோட்டலின் குழாயும் மின்சாரமும் பார்க்கும் ஹன்ஸ்ருடி, துணி எடுக்க வரும் வான் சாரதி, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், நாலாவதாக இவன். நால்வரும் யாஸ் விளையாடுவார்கள். இந்த நாட்டில் தாத்தாவிலிருந்து பேரன்வரை விளையாடும் சீட்டாட்டம் அது, எங்கள் பேச்சில் காட்ஸ்.

குலேந்திரன் அதை ஒரே பின்னேரத்தில் பிடித்துக்கொண்டவன். எங்கள் ஊர்க் காட்ஸான முந்நூற்றுநாலு விளையாடியவனுக்கு இது பெரிய காரியமல்ல. அதிலும் ஜாக்தான் பெரிது, அடுத்தது ஒன்பது; இதிலும் துருப்புக்கு அதே கணக்குத்தான். முதல் நாளே இவன் ஒன்பதை அடக்கி வைத்து விளையாடியதைப் பார்த்து ஹன்ஸ்ருடி தன் கூட்டாளியாக வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் இருவரும் ஒரு பக்கம். குலேந்திரன் ஒரு தாளைப் பிழையாகப் போட்டால் ஹன்ஸ்ருடி மேசையில் அடித்து ஏசுவான், கழுதை என்பான். இவனும் விடமாட்டான். அந்த மலைநாட்டு ஜேர்மன் பேச்சில், கெட்ட வார்த்தையோடு சேர்த்துத் திருப்பி ஏசுவான். கோவிலில் வாளி தூக்கும் குலேந்திரனா இவன் என்று வாசலில் நின்று நானே வாய் பிளந்திருக்கிறேன்.

பிளந்தேனே தவிர மதிக்கவில்லை. எங்களுக்குக் காட்ஸ் என்றால் மதகடியில் வேலைவெட்டி இல்லாமல் இருப்பவன், குடிகாரன், பெண்டாட்டிக்கு அடிப்பவன். குலேந்திரனின் மனைவி சுகந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், சொந்தக்காரர்களிடம் அவர் இரண்டரையிலிருந்து ஐந்துவரை ஓவர்டைம் செய்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

2012இல் அந்தக் குடும்பம் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தது. கணவன், மனைவி, மகள் லக்சாயினி, மகன் பானுஜன். குலேந்திரனுக்கு அதில் ஒரேயொரு ஆசை இருந்தது. விமான நிலையத்தில் நாலுபேரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது அவனுடைய அகதிப் பயணப் புத்தகத்தைப் பார்த்த அதிகாரி அவனை மட்டும் ஒதுக்கி ஓர் அறைக்குள் கூட்டிப்போய் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தார். வெளியே பிள்ளைகள் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரொறன்ரோவிலிருந்த தமையன் வா வா என்று கூப்பிட்டும், மறுபடி பிள்ளைகள் அப்படி நிற்கக்கூடாது என்று போகாமலே இருந்தான்.

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மேசையில் பயிற்சி. ஐந்து அதிகாரிகளின் இடத்திலும் நானே இருந்து கேள்வி கேட்பேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் செயலாளர் என்ற மிடுக்கு வேறு. மலைநாட்டுப் பேச்சை விடு, புத்தக ஜேர்மனில் சொல் என்று அவனைத் திருத்தினேன். பதினொராவது கேள்வி, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பது. அன்று அவன் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்.

“அண்ணை, நான் காட்ஸ் விளையாடுறதைச் சொல்லட்டோ?”

“விசர்க் கதை கதையாதை. சூதாடுறன் எண்டு சொல்லியோ பிரஜாவுரிமை கேக்கப்போறாய்?”

காசுக்கு விளையாடுவதில்லை, தோற்றவர் கோப்பி வாங்குவார், அவ்வளவுதான் என்றான். சுகந்தி குறுக்கே விழுந்து, பிள்ளைகளின் தலையில் மண்ணைப் போடப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். அவன் கொப்பியைத் திறந்து, நான் எழுதிய விடையை வாசித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குடும்பத்துடன் மலைகளில் நடக்கிறேன். அங்கே காற்று சுத்தமானது. மலைக்கு நடக்கிற சப்பாத்து அவனிடம் இருக்கவில்லை. என்னிடமும் இல்லை.

நேர்முகத்தில் நடந்ததை சுகந்தி எனக்குச் சொன்னாள். அவளுக்கு முதல் கேள்வியிலேயே பாடமாக்கியதெல்லாம் மறந்துவிட்டது. பயத்தில், தான் குளிப்பாட்டும் கிழவிகளைப் பற்றி, அவர்கள் தனக்குக் கம்பளி பின்னப் பழக்கியதைப் பற்றி, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். ஐவரும் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டார்களாம். பிறகு குலேந்திரனின் முறை. நிமிர்ந்திருந்து, புத்தக ஜேர்மனில் ஒவ்வொன்றாகப் பிழையில்லாமல் ஒப்புவித்தான். பதினொராவது கேள்வி வந்தது.

“ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குடும்பத்துடன் மலைகளில்…” என்று தொடங்கினான். மாடு வளர்க்கும் தாடிக்காரர் ஒருவர் அந்த ஐவரில் இருந்தார். அவர் கையை உயர்த்தி, மீதியை அவரே அதே ராகத்தில் சொல்லி முடித்தார். நடக்கிறேன், அங்கே காற்று சுத்தமானது. ஐவரும் சிரித்தார்கள். மூன்று வருடத்தில் அந்த அறையில் அதைச் சொன்ன ஏழாவது தமிழன் அவன். லக்சாயினி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் தன்மையாகக் கேட்டிருக்கிறார், உங்களுக்கு இந்தப் பகுதியில் பழக்கமானவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று. கொப்பியில் இல்லாத கேள்வி. ஹன்ஸ்ருடியின் பெயரைச் சொன்னால் எப்படிப் பழக்கம் என்று கேட்பார்கள், காட்ஸ் வெளியே வந்துவிடும். அதனால் எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் மிகப்பெரிய நற்சான்றிதழை குலேந்திரன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டான். எனக்குக் கூட்டாளிமார் யாரும் இல்லை, வேலை முடிந்தால் நேரே வீடு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவன் நான் என்றான். அதைப் பெருமையோடுதான் சொன்னானாம்.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. சுகந்திக்கும் பிள்ளைகளுக்கும் சரி. குலேந்திரனுக்கு இல்லை. பாடமாக்கிய விடைகள் என்றும், உள்ளூர் மக்களுடன் எந்தத் தொடர்பும் இல்லாதவர் என்றும் எழுதியிருந்தது. இரண்டு வருடத்தின் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

அந்த ஐந்து பேர்மேலும் எனக்கு வந்த அருவருப்பை மறைக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தவனை அவர்களில் ஒருவராவது வா, ஒரு கோப்பி குடிப்போம் என்று கூப்பிட்டிருப்பாரா? கூப்பிடாதவர்கள் இருந்துகொண்டு, உனக்கு ஏன் பழக்கம் இல்லை என்று கேட்கிறார்கள். ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறான் என்று விசாரித்து அதற்குப் புள்ளி போடுகிற வேலை என்ன வேலை? ஆனால் அந்தப் பதிலை எழுதிக் கொடுத்தவன் நான். ஆத்திரம் அவர்கள்வரை போய்விட்டு என்னிடமே திரும்பி வந்தது.

மனம் கேட்காமல் நானே அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் பெண்மணியிடம், அந்த மனிதனுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், இருபது வருடமாக யாஸ் விளையாடுகிறான், சொல்லவேண்டாம் என்று நான்தான் தடுத்தேன் என்று ஒத்துக்கொண்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யாஸா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். இதைவிட நல்ல அத்தாட்சி வேறு என்ன வேண்டும், அடுத்தமுறை அந்த நண்பர்களிடம் ஒரு கடிதம் வாங்கி இணைக்கச் சொல்லுங்கள் என்றார்.

ஓட்டமும் நடையுமாக வந்து குலேந்திரனிடம் சொன்னேன். அவன் சந்தோசப்படவில்லை. அவங்களிடம் எப்படிக் கேட்பது, நாங்கள் அங்கே விளையாடத்தானே இருக்கிறோம் என்றான். பிள்ளைகளையும் விமான நிலையத்தையும் சொல்லி நச்சரித்தேன். சுகந்தியும் நச்சரித்தாள். இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் 2014 தொடக்கத்தில் கேட்டான். அதற்காக ஹன்ஸ்ருடியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அகதிப் புத்தகம், அந்த அறை, கண்ணாடிக்கு வெளியே நின்ற பிள்ளைகள், ஐந்து பேரின் சிரிப்பு எல்லாம். அதுவரை அந்த மேசையில் அவன் இதில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை.

ஹன்ஸ்ருடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான், மற்ற இருவரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். துன்பப்பட்டு வந்த மனிதன், எங்களில் ஒருவன், இவனுக்கு உதவுவது எங்கள் கடமை என்றெல்லாம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்தில் அதை மொழிபெயர்த்து வாசித்தேன்.

அந்த முறை குலேந்திரன் தேறினான். தாடிக்காரர் யாஸ் பற்றியே முக்கால் மணி நேரம் கதைத்தாராம். அடுத்த வருடக் கோடையில் கடவுச்சீட்டுகளோடு நாலுபேரும் ஒரே வரிசையில் நின்று ரொறன்ரோ போய் வந்தார்கள்.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கொப்பியில் பதினொராம் விடையை யாரோ வெட்டிவிட்டு, ஓய்வு நேரத்தில் நான் நண்பர்களுடன் யாஸ் விளையாடுகிறேன் என்று எழுதிப் படியெடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். வாழ்நாளில் ஒரு தாளைத் தொட்டறியாத ஒரு மனிதர் எனக்குத் தொலைபேசி எடுத்து, அந்த விளையாட்டில் எது பெரிய தாள், எது சின்னத் தாள், பாடமாக்க வேண்டும் என்று கேட்டார். சீ என்று போயிற்று. இனி இந்தக் கொப்பிக் கதையோடு என்னிடம் வராதீர்கள் என்று வைத்துவிட்டேன்.

இந்தக் கூத்தைக் குலேந்திரனிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று மறுநாள் இடைவேளையில் கீழே போனேன். மூன்று பேர் கோப்பியோடு இருந்தார்கள். அவன் இல்லை. ஹன்ஸ்ருடி என்னைக் கண்டதும் எழுந்து வந்து, அவனுக்கு உடம்பு சரியில்லையா, கனடா போய் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் காணவில்லையே என்று கேட்டான். கேட்ட விதத்தில் உண்மையான கவலை இருந்தது.

குலேந்திரன் மேலே உடை மாற்றும் அறையில், இரும்பு அலுமாரிக்கு முன்னால் வாங்குப் பலகையில் தனியாக இருந்தான். ஏன் கீழே போகவில்லை என்று கேட்டேன்.  தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“கடிதம் எழுதின நாளிலயிருந்து அவன் என்னை ஏசுறேல்லை அண்ணை. நான் பிழை விட்டாலும் சிரிக்கிறான். பாப்பம் எண்டு ஒருநாள் வேணுமெண்டே துருப்பு ஜாக்கை வீணாப் போட்டனான். சின்னப்பிள்ளையும் அப்பிடிப் போடாது. பரவாயில்லை குலேன், நடக்கிறதுதானே எண்டு தோளில தட்டுறான்.”

எதிர்ப்பக்கத்து இருவரும் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்களாம். அடுத்த ஆட்டத்தில் பிடிக்க வேண்டிய தாளை அவர்களும் பிடிக்காமல் விட்டார்களாம். ஒரு வருடத்துக்கு மேலாகப் பொறுத்துப் பார்த்தானாம். ஒருவன்கூட ஏசவில்லை.

நல்ல மனிதர்கள், அன்பில்தானே செய்கிறார்கள் என்று நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். அவன் தலையாட்டினான்.

“ஓம், நல்ல மனிசர்தான். இருவது வருசமா என்னோட விளையாடினவங்கள். இப்ப என்னை விளையாட விடுறாங்கள். அந்தக் கதிரையில இருந்தா எனக்கு என்னிலேயே அருவருக்குது.”

மணி மூன்றேகால். ஐந்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. அவன் எழுந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, இராச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கக் குசினிக்குப் போனான்.