மக்காச்சோளத்துக்குள் ஒரு பல்

எங்கள் பக்கம் கோழிக்கு முடியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமையானாலும் டாக்டர் வந்துவிடுவார். மனுஷருக்குப் பல் போனால் திங்கட்கிழமை வரை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். கால்நடை டாக்டர்களின் நம்பர் என் போனில் ஏழெட்டு இருக்கும். பல் டாக்டர் நம்பர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எனக்குக் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்த நாமக்கல் டாக்டரம்மாவுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். மத்தியானத்துக்கு மேல் நான் ஷெட்டில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஷெட்டில் என் மகள். பதினோரு வயது. கூண்டு வரிசைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போய்த் தீவனம் போடுகிற இரும்பு வண்டி ஒன்று உண்டு. அதன்மேல் ஒரு காலை வைத்து, மறுகாலால் உந்திவிட்டுப் பாய்வது அவளுக்கு விளையாட்டு. ஏறாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! என் சத்தத்துக்குக் கோழிகூட அடங்கும், அவள் அடங்க மாட்டாள்.

ணங்கென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டியைத் தூணில் மோதிவிட்டாள் என்று தெரிந்துபோயிற்று. முட்டை அட்டையைக் கீழே வைக்காமல், நின்ற இடத்திலிருந்தே திட்டினேன். பதில் வரவில்லை. அழுகையும் வரவில்லை. திட்டினால் பதிலுக்குப் பதில் பேசுகிற பிள்ளை அது.  ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டி சாய்ந்து கிடந்தது. ரத்தச் சொட்டுகள் வீட்டுப் பக்கம் போயிருந்தன.

வாசலில் நங்கை அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, ஈரத்துண்டை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் ஆகவில்லை. ஜாதகம் அமையவில்லை என்பார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் சிரித்தாலும் முந்தானை வாய்க்குப் போய்விடும். எனக்கு வாய் நீளம், அவருக்கு வாயே இல்லை என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார். அன்று புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர், சுத்தியலைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

துண்டை விலக்கிப் பார்த்தேன். உதடு கிழிந்திருந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு போயிருந்தது. விழுந்து முளைத்த பல், இனி முளைக்காது. 

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று எடுக்காமல் விட்டுவிடுவாரோ என்று பயம். எடுத்தார். குக்கர் விசில் கேட்டது, வீட்டில் சமையலில் இருந்திருக்கிறார். எத்தனை வயசு, மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாளா என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம், பல் எங்கே என்றார். முழுசாக வந்த பல்லைத் திரும்ப அதே குழியில் வைக்க முடியும், ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் நல்லது, தாமதம் ஆக ஆகப் பல் செத்துக்கொண்டே போகும் என்றார். வேர்ப்பக்கம் தொடக் கூடாது, தேய்த்துக் கழுவக் கூடாது, பச்சைப் பாலிலோ பாக்கெட் பாலிலோ போட்டு எடுத்து வாருங்கள், நான் போய்க் கிளினிக்கைத் திறக்கிறேன் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. மகளிடம் பல் எங்கேடி என்றேன். அத்தை கையில் கொடுத்ததாகச் சாடை காட்டினாள். நான் நங்கையைப் பார்த்தேன்.

"ஊட்டு மேல வீசிட்டனே, அம்மிணி" என்றார்.

பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரை மேல் போடுவது எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கம்தான். என் மகளுக்கு விழுந்த பால்பல் அத்தனையையும் நங்கைதான் அப்படிப் போட்டார். எல்லாம் அழகாக முளைத்தன. ஆனால் இது அந்தப் பல் இல்லையே! ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வயசானால் போதுமா, ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்றேன். இன்னும் சொன்னேன்.  நங்கை மகளின் தலையை மடியிலிருந்து மெல்ல எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

நல்லவேளை, மாட்டை எப்போதோ விற்றுவிட்டோம். சாணி இல்லாததால் வெறும் பல்லைத்தான் வீசியிருந்தார். ஆனால் எங்களுடையது ஓட்டு வீடு இல்லை, மொட்டை மாடி. மாடி முழுக்கத் தீவனத்துக்கு வாங்கிய மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது.

மேலே ஏறி நின்றதும் எனக்குத் தலை சுற்றியது. மக்காச்சோளத்தை அப்படி நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒவ்வொரு மணியும் பல்லாக இருந்தது. மஞ்சள் பல், வெளுத்த பல், நுனி கறுத்த பல். குனிந்து இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தேன்.

"கெளறாத சாமி, அடியில போயிரும்" என்று கீழேயிருந்து நங்கையின் குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். பல்லை வீசியபோது நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார். கையில் ஒரு பிடி புளியங்கொட்டை. எங்கே விழுகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார். முதல் கொட்டை தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் தெறித்தது. அத்தனை வேகமாக வீசவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டு இன்னொன்றை வீசினார். அது மஞ்சள் சோளத்தின்மேல் கறுப்பாக உட்கார்ந்தது. அடுத்ததும் அதற்குக் கிட்டத்திலேயே விழுந்தது. நான் அந்த இடத்தில் மண்டி போட்டு, மணி மணியாக ஒதுக்கினேன். மகள் துண்டைக் கடித்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டாள். போய் உட்கார் என்று சொன்னாலும் போகவில்லை. கடைசியில் அவள்தான் விரலை நீட்டினாள். கைப்பிடிச் சுவர் ஓரமாக, வேர் மேலே தெரியக் கிடந்தது.

நான் அழுதுவிட்டேன். சோளத்தூசி கண்ணில் பட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அழுதேன்.

சின்னத் தூக்குப்போசியில் பாக்கெட் பாலை ஊற்றிப் பல்லைப் போட்டு மூடினோம். பழைய வேனை நான் ஓட்டினேன். பின்சீட்டில் மகள் அத்தையின் தோளில் சாய்ந்திருந்தாள். போசியை நங்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். பைபாஸில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று வழியே விடவில்லை. ஹாரனை அழுத்திய அழுத்தில் எனக்குக் கட்டைவிரல் வலித்தது. 

டாக்டரம்மா ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார். போசியைத் திறந்து பார்த்தார். மாடியில் சோளத்துக்குள் கிடந்த கதையைக் கேட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மளமளவென்று வேலையைத் தொடங்கிவிட்டார். பல்லை சலைன் ஊற்றிக் கழுவி, மரத்துப்போக ஊசி போட்டு, குழியில் மெல்ல அழுத்தி வைத்தார். பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒட்டினார். உதட்டில் தையல் போட்டார். என் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நாற்காலிக் கையைப் பிடித்திருந்தாளே தவிர, ஒரு சத்தம் போடவில்லை.

நிற்குமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார். வெயிலில் கொஞ்ச நேரம் காய்ந்திருக்கிறது, பின்னாடி வேர் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும், சில வருஷம் கழித்து வேர் கரைந்தும் போகலாம். ஆனாலும் வளர்கிற வயசில் சொந்தப் பல் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தால் அதுவே பெரிசு என்றார். டிடி ஊசி போட மகளை உள்ளே வைத்துக்கொண்டு எங்களை வெளியே உட்காரச் சொன்னார்.

பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். காலிப் போசி நங்கையின் மடியில் இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அம்மிணி, அன்னைக்கே பால்ல போட்டுக் கொண்டுட்டுப் போயிருந்தா, எனக்கும் நின்னிருக்குமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே பேசிக்கொண்டு போனார். இவள் வயசில் கிணற்றுமேட்டில் விழுந்து அவருக்கும் இதே பல் போயிருக்கிறது. அவருடைய அம்மா அதை ஓட்டின்மேல் போட்டிருக்கிறார்.

"ஓட்டு மேல நிக்காம உருண்டு கீழ உழுந்துருச்சு. அதனாலதான் மொளைக்கலீன்னு அம்மா சொல்லுவா. நானும் இத்தன காலமா அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். பொண்ணுப் பாக்க வந்தவிய எல்லாரும் என்ர வாயத்தான் பாத்தாங்க. இவளுக்கு அப்படி ஆயிரக் கூடாதுன்னுதான், உருளாத எடமாப் பாத்து மாடி மேல வீசுனேன்."

  நின்றிருக்கும், நங்கை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். புளி வாசம் இன்னும் போகவில்லை.

கம்பியை எடுக்கப் போன நாளில் நங்கையையும் கூட்டிக்கொண்டு போனேன். துணைக்கு வாருங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். நங்கைக்கும் ஒரு பல் கட்டுவதாக டாக்டரம்மாவிடம் முன்னாடியே பேசிவைத்திருந்தேன். மகளின் பல் ஆடாமல் நின்றிருந்தது. மகள் கண்ணாடியில் ஈ என்று காட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அந்த நாற்காலியில் அத்தையைப் பிடித்து உட்கார வைத்தாள். இந்த வயசில் எனக்கெதுக்கு என்று நங்கை எழப் பார்த்தார். அவள் விடவில்லை. அத்தையின் மடிமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

வாயைத் திறங்கம்மா என்றார் டாக்டரம்மா. நங்கையின் முந்தானை வாயை விட்டு இறங்க நேரம் பிடித்தது. அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அந்த ஓட்டையை நான் அன்றுதான் பார்த்தேன்.